செம்பு வாலை: கேள்வி பதில்

நியூசிலாந்தில் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டிலேயே மது வடிப்பதற்கு 1996 முதல் சட்டத்தில் தடையில்லை. உரிமமின்றி விற்பதுதான் குற்றம். இங்குள்ள தமிழர்கள் பலர் செம்பில் வாலை (ஆவியைக் குளிர்வித்து மது வடிக்கும் கலம்) செய்வதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். கேள்விகளும் என் பதில்களும் கீழே.

ஆக்லாந்து: எவர்சில்வர் மலிவு, துருப்பிடிக்காது. செம்புக்கு ஏன் இத்தனை செலவு செய்ய வேண்டும்?

ஈஸ்ட் நொதிக்கும்போது கந்தகச் சேர்மங்கள் உண்டாகின்றன. அழுகிய முட்டை வாடை அதனால்தான். ஆவி செம்பின்மேல் பட்டுச் செல்லும்போது அந்தக் கந்தகத்தைச் செம்பு பிடித்துக்கொள்கிறது. உள்ளே படியும் கருப்புப் படலம் அதற்குச் சாட்சி. ஸ்காட்லாந்தின் விஸ்கி ஆலைகள் இன்றும் செம்பை விடாததற்கு முக்கியக் காரணம் இதுதான். இப்படி உழைத்து உழைத்தே செம்பு மெலிந்துபோகிறது. அங்கே தேய்ந்த பகுதிகளை வெட்டியெடுத்துப் புதிதாகப் பொருத்துகிறார்கள்.

முழுவதும் செம்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. அடிக்கலம் எவர்சில்வர், தலையும் கழுத்தும் செம்பு என்று தொடங்குவதே என் பரிந்துரை. ஆவி செம்பைத் தொட்டாக வேண்டும், அவ்வளவுதான்.

ஹாமில்டன்: தகட்டை வளைத்துவிட்டேன். எதை வைத்துப் பற்றவைப்பது?

ஈயம், அதாவது காரீயம், கலந்த பற்றாசை (உருக்கி ஒட்டவைக்கும் உலோகத்தை) தொடவே தொடாதீர்கள். அமெரிக்காவில் திருட்டுத்தனமாக வடித்தவர்கள் பழைய கார் ரேடியேட்டர்களைக் குளிர்விப்பானாகப் பயன்படுத்தினார்கள். அவற்றின் இணைப்புகளில் இருந்த ஈயம் சாராயத்தில் இறங்கி, குடித்தவர்களின் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுத்தது. ஈயத்தின் நஞ்சு ருசியில் தெரியாது.

குடிநீர்க் குழாய்களுக்கென்று விற்கும் ஈயமற்ற பற்றாசு, அதாவது வெள்ளீயமும் சிறிது வெள்ளியும் கலந்தது, தலைக்கும் கழுத்துக்கும் போதும். அது ஏறக்குறைய 220 டிகிரியில் உருகும். ஆவியோ 100 டிகிரியைத் தாண்டாது. ஆனால் நெருப்பு நேராகப் படும் அடிப்பாகத்துக்கு அது ஆகாது. அங்கே காட்மியம் கலக்காத வெள்ளிப் பற்றாசு வேண்டும். வேலை முடிந்ததும் இணைப்பின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பற்றுப்பசையை (பற்றவைக்கப் பூசிய ஃப்ளக்ஸை) வெந்நீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அதை விட்டுவைத்தால் அந்த இடத்தில்தான் முதலில் பச்சை பூக்கும்.

தகடு சுத்தியலடியில் இறுகிவிட்டதா? மங்கிய சிவப்பு ஏறும்வரை காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துங்கள், மறுபடி இளகிவிடும். இரும்புக்கு நேர்மாறான இந்தக் குணம் பாத்திரம் அடிக்கும் நம் ஊர்க் கன்னார்களுக்குக் கைவந்த பாடம்.

வெலிங்டன்: பாட்டியின் வெள்ளீயம் பூசிய செம்புத் தவலை இருக்கிறது. கொதிகலனாக்கலாமா?

வேண்டாம். பூச்சு செம்பை மறைத்துவிடுவதால் கந்தகத்தைப் பிடிக்கும் பயன் போய்விடும். பழைய பூச்சில் நஞ்சான காரீயம் கலந்திருக்கவும் கூடும். தவலையை வீட்டில் அழகாக வைத்துக்கொள்ளுங்கள்.

டனீடன்: அண்ணா, புது வாலையை எப்படிச் சுத்தம் செய்வது? பிறகு ஒவ்வொரு முறையும் புளி போட்டுத் துலக்க வேண்டுமா?

கலத்தில் பாதி தண்ணீர், பாதி வெள்ளை வினிகர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அந்த ஆவி கழுத்து, குளிர்விப்பான் எல்லாவற்றின் வழியாகவும் வெளியேறட்டும். அடுத்து வெறும் தண்ணீர். மூன்றாவதாக, மலிவான சர்க்கரைக் கரைசலை நொதிக்கவைத்து ஒருமுறை வடித்து, வந்ததை ஒரு சொட்டு விடாமல் கொட்டிவிடுங்கள். மனம் கேட்காதுதான், ஆனாலும் கொட்டுங்கள். தண்ணீரும் வினிகரும் விட்டுவைத்த எண்ணெய்ப் பிசுக்கைச் சாராய ஆவிதான் கரைக்கும்.

அதன்பின் ஒவ்வொரு முறையும் வெந்நீரில் அலசினால் போதும். ஆனால் அன்றைக்கே அலசி, பாகங்களைப் பிரித்து, கவிழ்த்துக் காயவிட வேண்டும். பழுப்புப் படலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பச்சை அல்லது நீலக் களிம்பு தெரிந்தால் மட்டும் வடிக்காதீர்கள். அது நச்சுத்தன்மையுள்ள செம்பு உப்பு. முழுக்க நீக்கிய பிறகே அடுப்பேற்ற வேண்டும்.

புளி நன்றாகவே வேலை செய்யும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கும். கை நுழையும் கலத்துக்கும் தலைக்கும் அது சரி. குளிர்விப்பானின் சுருளுக்குள் புளிச் சக்கை சிக்கிக்கொள்ளும் என்பதால் அங்கே சிட்ரிக் அமிலக் கரைசலை நிரப்பி, அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீர் பாய்ச்சுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுருள்தான் அதிகக் கவனம் கேட்கும் இடம். வெளிப்புறத்தைப் பளபளக்க வைத்துவிட்டுச் சுருளை மறப்பவர்களே அதிகம்.

இரும்பு நார் வேண்டாம், அதன் துணுக்குகள் செம்பில் சிக்கித் துருவேறும். ப்ளீச்சிங் திரவமும் வேண்டாம், குளோரின் செம்பை அரிக்கும்.

நேப்பியர்: வடிந்தது இளநீலமாக வருகிறதே?

கொட்டிவிடுங்கள். களிம்பு இருக்கலாம், அல்லது ஈஸ்ட்டுக்கு ஊட்டமாகப் போட்ட அம்மோனிய உப்பு மிகுந்து, அம்மோனியா ஆவியாகி, செம்பைக் கரைத்திருக்கலாம். அமிலத்தில் கழுவுங்கள், அடுத்த முறை ஊட்டத்தைக் குறையுங்கள்.

டௌரங்கா: இணைப்புகளில் ஆவி கசிகிறது. ரப்பர் வளையம் போடலாமா?

சூடான சாராய ஆவி ரப்பரைக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். மாவைப் பிசைந்து அப்புவதுதான் பழைய வழி. ஐரோப்பாவில் ரை மாவு, கோதுமை மாவும் உதவும். அதில் ஒரு பாதுகாப்பும் உண்டு: உள்ளே அழுத்தம் ஏறினால் கலத்துக்கு முன் மாவு பெயர்ந்துவிடும். வடியும் முனையில் குழாய்த் திருகோ மூடியோ எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். அடைபட்ட வாலை வெடிக்கும். கலத்தை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் நுரை பொங்கிக் கழுத்தை அடைக்கலாம். கேஸ் அடுப்பைவிட மின்சார அடுப்பு மேல். கசியும் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். வடிவதை ஏந்தும் பாத்திரம் அடுப்பை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

மதுரை: இங்கே செய்யலாமா, ஐயா? முதலில் வடிவதைக் கொட்டிவிட்டால் மெத்தனால் போய்விடும் என்கிறார்களே?

செய்யக் கூடாது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் அது குற்றம்.

முதலில் வடிவதைக் கொட்டுவது நல்ல பழக்கம், அசிட்டால்டிஹைடு போன்ற நச்சு வேதிப்பொருள்கள் அதில்தான் மிகுதி. ஆனால் மெத்தனால் முழுவதும் அதோடு போய்விடாது. தனியாக 64.7 டிகிரியில் கொதித்தாலும், கலவையில் அது தொடக்கம் முதல் கடைசிவரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். சர்க்கரைக் கரைசலில் அது உண்டாவது மிக அற்பம் என்பதால்தான் அதில் ஆபத்தில்லை. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது வெளியிலிருந்து மெத்தனால் கலந்த சாராயத்தால். அப்படிக் கலந்ததைச் செம்பிலே வடித்தாலும், எத்தனை முறை வடித்தாலும் குடிக்கத் தகுந்ததாக்க முடியாது.

உங்களுக்கு வடிக்கும் கலையில் ஆர்வமென்றால் பன்னீரோ ஓமத் தீநீரோ வடித்துப் பாருங்கள். சித்த மருத்துவத்தின் வாலையந்திரமும் இதே தத்துவம்தான். பற்றாசிலும் சுத்தத்திலும் மேலே சொன்ன எதுவும் மாறாது.