காற்று இன்னும் பிரியவில்லையே, டாக்டர்!

பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்துக் கடிதங்கள் இந்த முறை அதிகம். பெரும்பாலும் பெருங்குடல் ஆபரேஷன் முடிந்து வார்டில் காத்திருக்கும் குடும்பங்கள் எழுதியவை.

அப்பாவுக்குக் குடல் கட்டியை எடுத்து மூன்று நாள். காற்றே பிரியவில்லை. ஆபரேஷனில் கோளாறா? (கொழிஞ்சாம்பாறை)

மூன்றாம் நாள்தானே, பொறுங்கள். சிறுகுடல் ஒரே நாளில் அசையத் தொடங்கும், இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள், பெருங்குடலுக்கு மூன்று நாளோ கொஞ்சம் கூடவோ ஆகும். ஐந்து நாள் தாண்டியும் வயிறு உப்பி, வாந்தியும் இருந்தால் அது தாமதம். காய்ச்சல், நாடி 100-க்கு மேல், வலி கூடுவது இவற்றில் எது வந்தாலும் நாள் எண்ணாதீர்கள். குடலை இணைத்த தையல் உள்ளே கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். மற்றபடி அவரை நடக்க வையுங்கள்.

நர்ஸ் சூயிங்கம் மெல்லச் சொல்கிறார். நிஜமா? (மீனாட்சிபுரம்)

நிஜம்தான். மெல்லும்போது சாப்பாடு வருகிறது என்று குடலுக்குச் செய்தி போகிறது. சர்க்கரை இல்லாததாக வாங்கி, நாளுக்கு மூன்று வேளை மெல்லட்டும். பால் சேர்க்காத காப்பியும் பலருக்கு உதவுகிறது. டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அம்மா ஒன்றும் சாப்பிடவில்லை. இரண்டாம் நாளே டிரிப்ஸைக் கழற்றிவிட்டார்கள். இன்னும் இரண்டு பாட்டில் போடச் சொல்லலாமா? (வேலந்தாவளம்)

தயவுசெய்து சொல்லாதீர்கள். எல்லையின் இந்தப் பக்கமும் சரி, கோவைப் பக்கமும் சரி, பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் நடக்கிறது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். சண்டை போட்டுப் போட வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு லிட்டர் சலைனில் 9 கிராம் உப்பு இருக்கிறது. ஆபரேஷன் ஆன உடம்பு அதைச் சீக்கிரம் வெளியேற்றாது. நீர் குடல் சுவரில் தேங்கும், சுவர் வீங்கும், வீங்கிய குடல் அசையாது. 2002-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பெருங்குடல் ஆபரேஷன் ஆன 20 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். வழக்கம்போல் நிறைய நீரும் உப்பும் ஏற்றியவர்களுக்கு எடை சுமார் 3 கிலோ கூடியது, இரைப்பை மெதுவாகவே காலியானது, வீட்டுக்குப் போகவும் மூன்று நாள் பிந்தியது. சின்ன ஆய்வுதான், ஆனால் எங்கள் பழக்கத்தையே மாற்றியது. வாந்தி நிற்காதவருக்கும் பொட்டாசியம் குறைந்தவருக்கும் டிரிப்ஸ் வேண்டும், அதை டாக்டர் முடிவு செய்யட்டும். அம்மாவுக்கு அனுமதித்த கஞ்சித் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். நடக்க வையுங்கள்.

மனைவிக்கு வயிற்று ஆபரேஷன் ஆனது. வயிறு உப்புசம். என்ன மாத்திரை? (கோவிந்தாபுரம்)

என்ன ஆபரேஷன், எத்தனையாவது நாள், வாந்தி உண்டா, என்ன மருந்து ஓடுகிறது? ஒன்றையும் எழுதாமல் மாத்திரை கேட்டால் எப்படி? டிஸ்சார்ஜ் சீட்டோடு ஆபரேஷன் செய்தவரிடமே இன்றைக்கே போங்கள். விளக்கெண்ணெய் வேண்டாம். எனிமா கூடவே கூடாது. புதுத் தையல் கிழியலாம்.

வலிக்கான டிரமடால் ஊசி போட்டால்தான் தூக்கம் வருகிறது. கூடுதலாகக் கேட்கலாமா? (கொல்லங்கோடு)

அதுவும் மார்ஃபினும் குடலையும் சேர்த்து மந்தமாக்கும். அதற்காக வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டாம், வலித்தால் நடக்க முடியாது. பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்தால் ஊசியின் தேவை குறையும். வார்டு டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

குடல் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். மரத்திலிருந்து அப்போதே இறக்கிய புதுக் கள்ளு குடிக்கலாமா? (முதலமடை)

கூடாது. மோர் குடியுங்கள்.