பழைய கார், குறையும் கூலண்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 2009 மாடல் சான்ட்ரோ வைத்திருக்கிறேன். ரிசர்வ் டேங்கில் மாதம் ஒருமுறை கூலண்ட் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. எங்கேதான் போகிறது? (மதுரை)

கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) தரையில் இல்லை என்பதால் ஒழுகவில்லை என்று சொல்ல முடியாது. கசிவு சிறியதாக இருந்தால், சூடான இன்ஜின் மேல் படும்போதே ஆவியாகிவிடும். அது விட்டுப்போகும் தடத்தைத்தான் தேட வேண்டும். காலையில், இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, டார்ச் லைட்டோடு பானெட்டைத் திறங்கள். உப்புப் பூத்தது போல வெள்ளையாகவோ, கூலண்டின் நிறத்திலோ காய்ந்த படிவு தெரியும் இடம்தான் கசிவு.

முதலில், கூலண்ட் ஓடும் ரப்பர் ஹோஸ்களின் இரண்டு முனைகள். கிளாம்புக்குப் பக்கத்தில் ஹோஸை அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தாலும் கெட்டது, மொறமொறவென்று இருந்தாலும் கெட்டது. அடுத்து ரேடியேட்டர். நடுவில் அலுமினியமும் இரண்டு ஓரத்தில் பிளாஸ்டிக் தொட்டியும் சேருகிற மடிப்பில், வயதான கார்களில் மயிரிழை விரிசல் விழும். அப்புறம் வாட்டர் பம்ப். அதன் அடிப்பக்கம் வேண்டுமென்றே விடப்பட்ட ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் அதன் வழியே வடியும். அந்தத் துளையை அடைக்கும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். உள்ளே பேரிங் போய்விடும்.

வெளியே எதுவும் அகப்படவில்லை என்றால் காருக்குள் பாருங்கள். முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் ஈரமா, உள்ளே இனிப்பான வாடையா, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குப் போலப் படலமா? அப்படியென்றால் டேஷ்போர்டுக்குள் இருக்கும், சூடான கூலண்ட் ஓடும் ஹீட்டர் ஒழுகுகிறது. நம் ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை என்பதால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இத்தனையும் சரியாக இருந்தால் ரேடியேட்டர் மூடியை மாற்றிப் பாருங்கள். இருப்பதிலேயே மலிவான பாகம் அதுதான். ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. பழைய மூடியில் அச்சிட்டிருக்கும் எண்ணே (0.9, 1.1 என்று இருக்கும்) புதியதிலும் இருக்க வேண்டும்.

கேள்வி: ஏசி போட்டு ஓட்டி நிறுத்தினால் முன்பக்கம் இடதுபுறம் தண்ணீர் தேங்குகிறது. கூலண்ட் லீக்கா?

விரலால் தொட்டுப் பாருங்கள். நிறமில்லாமல், பிசுபிசுப்பில்லாமல் இருந்தால் அது ஏசியிலிருந்து வடியும் தண்ணீர். கவலையை விடுங்கள். நாக்கில் வைத்துப் பார்க்க மட்டும் வேண்டாம். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம்.

கேள்வி: என் ஆல்டோவில் மேல் ஹோஸ் வெடித்திருக்கிறது. நானே மாற்ற முடியுமா? (திருச்சி)

தாராளமாக. ஸ்குரூ டிரைவர், பிளையர், ஒரு பழைய பேசின் போதும். இரண்டு விஷயம் முக்கியம்: இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைக்க வேண்டும். கை உள்ளே இருக்கும்போது ஃபேன் தானாகச் சுற்றினால் விரல் மிஞ்சாது.

மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, கூலண்டை மேல் ஹோஸுக்குக் கீழே இறங்கும் வரை பேசினில் வடியவிடுங்கள். பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டு வராது. இழுத்து மல்லுக்கட்டினால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து உடைந்து, சின்னச் செலவு பெரிய செலவாகும். எப்படியும் தூக்கிப் போடப்போகிற ஹோஸ்தானே, பிளேடால் நீளவாக்கில் மெதுவாகக் கீறி உரித்து எடுங்கள். கழுத்தில் ஒட்டியிருக்கும் ரப்பர் துணுக்கைத் துணியால் சுத்தம் செய்யுங்கள். பிளாஸ்டிக்கில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

புதிய ஹோஸை மாட்டும் முன் கிளாம்பை அதில் கோத்துவிடுங்கள். கழுத்தின் விளிம்பில் ஒரு மேடு இருக்கும், கிளாம்ப் அதைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே உட்கார்ந்தால் நாளைக்கே நழுவும். திருகு கிளாம்பாக இருந்தால் ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம். மேல் ஹோஸ் போன வயதில் கீழ் ஹோஸும் போகக் காத்திருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே வாங்குவது நல்லது.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். வடிகால் திருகை மூடி, பேட்டரி ஒயரை மாட்டி, கூலண்டை மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பி, மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். காற்று குமிழ் குமிழாக வெளியேறும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். மேல் ஹோஸ் சூடானதும் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வ்) திறந்துவிட்டது என்று அர்த்தம். குமிழ் நின்றதும் மூடிவிடுங்கள். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் கூலண்ட் நிறைந்திருந்தும் ஹீட் ஆகும். மறுநாள் காலையில் மட்டத்தை மறுபடி பார்க்கவும்.

வடித்த கூலண்டைச் சாக்கடையிலோ வாசலிலோ கொட்டாதீர்கள். தெருநாய் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். கேனில் அடைத்து ஒர்க் ஷாப்பில் கொடுங்கள்.

கேள்வி: ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடைபடும் என்கிறார்களே?

ஊசித்துளை என்றால் சில சமயம் அடைபடும். நடுவழியில் வேறு வழியே இல்லை என்றால் வீடு வந்து சேர அது உதவலாம். ஆனால் மஞ்சளுக்கு எது ஓட்டை, எது தண்ணீர் போகும் குழாய் என்று தெரியாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஹீட்டரிலும் போய் அடையும். கடையில் விற்கும் லீக் அடைப்பானும் இதே ஜாதிதான். பிளாஸ்டிக் தொட்டி விரிசலுக்கு எம்-சீல் அப்புவதும் தற்காலிகம்தான். பழைய பித்தளை ரேடியேட்டரை ஈயம் வைத்து ஒட்டியது போல அலுமினியத்தை ஒட்ட வராது. மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஹீட் ஆகிறது என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார். "நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை" என்கிறார். உண்மையா? (ஈரோடு)

இல்லை. வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலான கார்களில் அது 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும், நம் வெயில் 42-ஐத் தாண்டினாலே பெரிய செய்தி. வால்வ் இல்லையென்றால் இன்ஜின் தன் சூட்டுக்கு வரத் தாமதமாகும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் காரில் கம்ப்யூட்டர் 'இன்னும் குளிர்ந்தே இருக்கிறது' என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும், மைலேஜ் விழும். சில இன்ஜின்களில் அந்த வால்வுதான் பைபாஸ் வழியையும் அடைக்கிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். ஹீட் ஆன காரணமும் அப்படியே உள்ளே இருக்கும். புது வால்வ் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: கூலண்ட் விலை அதிகம். வெறும் தண்ணீர் போதாதா?

போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உங்கள் வீட்டு ஹீட்டர் ராடில் படிவது போலவே உள்ளே உப்புப் படியும். கூலண்ட்டின் பெரிய வேலை துருவைத் தடுப்பது. இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் தகடு மூடிகள் துருப்பிடித்து ஒழுகும் பழைய கார்களில் பல, வருஷக்கணக்கில் தண்ணீரில் ஓடியவை. பாதிக்குப் பாதி கலவை, மூடியின் அழுத்தத்தோடு சேர்ந்து, கொதிநிலையை 125 டிகிரிக்கு மேல் கொண்டுபோகும். கலக்க பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே கலந்து விற்கும் கேன் என்றால் தண்ணீரே சேர்க்க வேண்டாம். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே பச்சையில் வேறு வேறு சரக்கு உண்டு.

கேள்வி: போன வாரம் நெடுஞ்சாலையில் டெம்பரேச்சர் மீட்டரின் முள் மேலே ஏறி, சட்டென்று கீழே இறங்கிவிட்டது. தானாகச் சரியாகிவிட்டதா?

சரியாகவில்லை, நிலைமை மோசமானதாக இருக்கலாம். சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலண்ட் எல்லாம் போய்விட்டால் அது குறைவாகக்கூடக் காட்டும். முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வைத்து ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) விரிசல் விடலாம்.

வீட்டுக்கு வந்ததும் ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அடியில் பால் கலந்த காபி நிறத்தில் நுரை இருந்தாலோ, ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழ் வந்தாலோ, இன்ஜின் சூடான பிறகும் சைலென்சரில் வெண்புகை நிற்காவிட்டாலோ, ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்யாதீர்கள், கட்டி இழுத்துக்கொண்டு போய் விடுங்கள். ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடவிடாமல், லேத்தில் கொடுத்து வளைவு பார்க்கச் சொல்லுங்கள்.