மகள் கிரிமினல் பாரிஸ்டர் ஆக வேண்டும் என்கிறாள்: லண்டன் அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அக்கா. கடிதத்தைப் பொறுமையாகப் படித்தேன். மகள் சட்டம் இரண்டாம் ஆண்டு. கிரிமினல் வழக்கில் எதிரித் தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, கோர்ட்டில் எழுந்து வாதாடும் பாரிஸ்டராகத்தான் ஆவேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். சொந்தக்காரர்களோ, "கொலைகாரனுக்கும் திருடனுக்கும் பேசுவதற்கா இவ்வளவு படிக்க வைத்தீர்கள், பெரிய கம்பெனியில் சொலிசிட்டராகப் போகச் சொல்லுங்கள்" என்கிறார்கள். சொலிசிட்டர் என்றால் பெரும்பாலும் அலுவலகத்தில் இருந்து கட்சிக்காரரின் சட்ட வேலைகளைப் பார்க்கிற வக்கீல். எனக்கு அவர்கள் சொல்லும் காரணத்தைவிட, கடிதத்தின் கடைசியில் நீங்கள் லேசாகத் தொட்டுவிட்டுப் போன பண விஷயம்தான் கவலையாக இருக்கிறது.

முதலில் அந்தக் கொலைகாரன் பேச்சை முடித்துவிடுகிறேன். 1935ல் வுல்மிங்டன் என்ற 21 வயதுப் பண்ணைத் தொழிலாளியின் வழக்கு, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைக்குப் போனது. மனைவியைச் சுட்டதாகக் குற்றச்சாட்டு, துப்பாக்கி தவறி வெடித்துவிட்டது என்பது அவர் பக்கம். தவறி வெடித்தது என்று அவர்தான் காட்ட வேண்டும் என்கிற மாதிரி கீழே நீதிபதி ஜூரியிடம் சொல்லிவிட்டார், தூக்குத் தண்டனையும் ஆகிவிட்டது. அதைப் பிரபுக்கள் சபை ரத்து செய்து, குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை, எதிரியின் வேலை அல்ல என்று அடித்துச் சொன்னது. இது ஏதோ பழங்கதை இல்லை. ஆண்ட்ரூ மல்கின்சன் செய்யாத குற்றத்துக்கு 17 ஆண்டுகள் சிறையில் கிடந்தார், 2023ல்தான் அந்தத் தீர்ப்பு ரத்தானது. எதிரிக்காக ஒருவர் எழுந்து நின்று கேள்வி கேட்பது இப்படிப்பட்டவர்களுக்காகவும்தான். கட்சிக்காரர் "ஆமாம், நான்தான் செய்தேன்" என்று வக்கீலிடம் சொல்லிவிட்டால், அவர் செய்யவில்லை என்று கோர்ட்டில் சொல்ல விதி இடம் தராது, அரசுத் தரப்பின் ஆதாரம் போதுமா என்று மட்டும் சோதிக்கலாம். இன்னொன்று, பெரும்பாலான கிரிமினல் பாரிஸ்டர்கள் இரண்டு பக்கமும் போவார்கள், இந்த வாரம் எதிரிக்கு, அடுத்த வாரம் அரசுத் தரப்புக்கு. ஆகவே சொந்தக்காரர்கள் கேட்டால் தலை நிமிர்ந்து பதில் சொல்லுங்கள்.

இனி பணம். டிகிரி முடித்த பிறகு பார் கோர்ஸ் என்று ஒன்று இருக்கிறது, இடத்தைப் பொறுத்து 13,000 பவுண்டுக்கு மேல் ஆகும். எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலையையும் சேர்த்துப் படித்தால் முதுகலைக் கடன் கிடைக்கும், ஆனால் முழுச் செலவுக்கும் அது போதாது. அதைப் பாஸ் செய்தால் பாரிஸ்டர் என்ற பட்டம் வரும், வேலை வராது. அதற்கு பியூப்பிலேஜ் என்ற ஒரு வருடப் பயிற்சி கிடைக்க வேண்டும், முதல் ஆறு மாதம் சீனியர் பின்னால் போய்ப் பார்ப்பது, அடுத்த ஆறு மாதம் தானே கோர்ட்டில் எழுந்து பேசுவது. நாடு முழுக்க வருடத்துக்குச் சில நூறு இடங்கள்தான், ஆசைப்படுகிறவர்கள் அதைப்போலப் பல மடங்கு. கோர்ஸ் முடித்து 5 வருடத்துக்குள் இடம் கிடைக்காவிட்டால் அந்தக் கோர்ஸே காலாவதி. பிள்ளைகள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், பெற்றோரின் சேமிப்பும் இங்கேதான் கரைகிறது. ஸ்காலர்ஷிப்போ பியூப்பிலேஜோ கையில் இல்லாமல் வீட்டுப் பணத்தைப் பார் கோர்ஸில் கட்டாதீர்கள். மகள் கோபித்தாலும் பரவாயில்லை.

பயிற்சிக் காலத்தில் லண்டனில் குறைந்தபட்ச உதவித்தொகை 2025ல் 24,000 பவுண்டை ஒட்டி இருந்தது. அதற்குப் பிறகு சேம்பர்ஸில், அதாவது பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகத்தில், இடம் கிடைத்தாலும் சம்பளம் கிடையாது, எல்லாமே சுயதொழில். வருமானத்தில் ஒரு பங்கு சேம்பர்ஸுக்குப் போகும், ரயில் டிக்கெட் கைக்காசு, உடம்புக்கு முடியாமல் படுத்தால் அன்றைக்கு வரவு இல்லை. வசதியில்லாத கட்சிக்காரர்களுக்காக அரசு கொடுக்கும் சட்ட உதவிக் கட்டணம் அவ்வளவு மோசமாக இருந்ததால்தான் 2022ல் கிரிமினல் பாரிஸ்டர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். செலவு போக முதல் மூன்று வருட இடைநிலை வருமானம் ஆண்டுக்கு 12,200 பவுண்ட், அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, என்ற கணக்கு அப்போதுதான் ஊருக்கெல்லாம் தெரிந்தது. 15 சதவீத உயர்வைக் கோர்ட்டில் ஏற்கெனவே இருந்த பெரும்பாலான வழக்குகளுக்கும் தருவதாகச் சொன்ன பிறகு அக்டோபரில் வேலைக்குத் திரும்பினார்கள். இப்போது கொஞ்சம் தேவலை. வீட்டில் தங்க இடமும் சாப்பாடும் இருக்கிற பிள்ளைக்கு அந்த முதல் சில வருடங்கள் தாங்கும், வாடகை கட்டிக்கொண்டு தனியாக இருக்கிற பிள்ளைக்கு ரொம்பக் கஷ்டம். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அந்த அறையைக் காலி செய்யாமல் வைத்திருப்பதுதான்.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். நாளைக்கு எந்த ஊர் என்று பல நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், வழக்குகளைப் பிரித்துக் கொடுக்கும் சேம்பர்ஸ் கிளார்க் போன் செய்தால்தான் தெரியும். வேறொருவர் போக முடியாத வழக்கு கைமாறி வரும், நூற்றுக்கணக்கான பக்கங்களை ராத்திரியே படித்துவிட்டு விடியற்காலையில் லூட்டனுக்கோ மெய்ட்ஸ்டோனுக்கோ ரயில் ஏற வேண்டும். கோர்ட்டுக்குக் கீழே லாக்கப்பில் கட்சிக்காரரை முதல்முறையாகப் பார்ப்பாள். சிறை வேன் தாமதமாக வந்திருந்தால் பத்து பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும், எதிரே ராத்திரி முழுக்கத் தூங்காத ஒரு பத்தொன்பது வயதுப் பையன் உட்கார்ந்திருப்பான், அவனிடம் "குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை இவ்வளவு குறையும், எதிர்த்து நின்று தோற்றால் இவ்வளவு" என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். அவன் அம்மா வெளியே காத்திருப்பாள். பிறகு பத்து மணிக்குக் குதிரைமுடி விக்கை மாட்டிக்கொண்டு மேலே போனால், நீதிபதி வேறு வழக்கில் மாட்டிக்கொண்டார், தேதி தள்ளிப்போகிறது என்பார்கள். 2024 முடிவில் பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டுகளில் 70,000 வழக்குகளுக்கு மேல் தேங்கியிருந்தன, ஆகவே அந்தத் தேதி சில சமயம் அடுத்த வருடத்துக்கும் அப்பால் போய் விழும். இதில் கிடைக்கிற திருப்தியும் பெரிது, தேய்மானமும் பெரிது. பாலியல் குற்ற வழக்குகளை வாரக்கணக்கில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாதாரணமாகச் சாப்பிட முடியாத நாட்கள் இருக்கும், அதை அவள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஆகவே இந்த விடுமுறையில் அவளைக் கிழக்கு லண்டனில் இருக்கும் ஸ்நேர்ஸ்புரூக் கிரவுன் கோர்ட்டுக்குப் போகச் சொல்லுங்கள். பார்வையாளர் வரிசையில் யார் வேண்டுமானாலும் இலவசமாக உட்காரலாம், நீங்களும் ஒரு நாள் கூடப் போங்கள் அக்கா. ஒரே வழக்கை ஆரம்பத்திலிருந்து தீர்ப்பு வரை பார்க்கட்டும். சலிப்பான மதியங்களையும் தாண்டி மறுநாள் போகத் தோன்றினால் அது நல்ல அறிகுறி. அப்புறம், சில நாள் பாரிஸ்டர் கூடவே இருந்து பார்க்கிற மினி பியூப்பிலேஜுக்கு இரண்டு மூன்று கிரிமினல் சேம்பர்ஸில் விண்ணப்பிக்கட்டும்.

பாரிஸ்டர்களின் சங்கங்களான நான்கு இன்ஸ் ஆஃப் கோர்ட்டில் ஒன்றில்தான் ஸ்காலர்ஷிப் கேட்க முடியும்: லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள். பார் கோர்ஸ் ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் தொடக்கத்தில் வரும், உங்கள் மகளுக்கு அது மூன்றாம் ஆண்டு ஆரம்பித்ததுமே வந்துவிடும். அதே கல்வியாண்டின் ஜனவரியை ஒட்டி பியூப்பிலேஜ் விண்ணப்பம். இரண்டிலும் கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கிரிமினல் சொலிசிட்டராகப் போய்ப் பிறகு கிரவுன் கோர்ட்டில் வாதாடும் உரிமையை வாங்கலாம், அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் துறையான சிபிஎஸ்ஸில் மாதச் சம்பளத்தோடும் பென்ஷனோடும் பாரிஸ்டராகவே இருக்கலாம்.

எந்த இன் என்று அவள் முடிவு செய்ததும் எழுதுங்கள், விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் நான் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.