வெளிநாட்டு புத்த மடாலயத்தில் தன்னார்வலராகத் தங்கினால் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கும்?

ஆங்கிலம் சொல்லித் தருவது, வெப்சைட் செய்து கொடுப்பது எல்லாம் இரண்டாம்பட்சம். தேரவாத (இலங்கை, தாய்லாந்து, மியான்மரில் பரவலான புத்த மரபு) மடாலயம் என்றால் முதலில் வினய விதிகளை, அதாவது துறவிகளுக்கான ஒழுக்க விதிகளை, தெரிந்துகொள்ளுங்கள். பிக்கு (புத்த துறவி) மண்ணைத் தோண்டக் கூடாது, செடியை வெட்டவோ பிடுங்கவோ கூடாது, பணத்தைத் தொடக் கூடாது, வாங்கிய சாப்பாட்டை மறுநாளைக்கு எடுத்து வைக்கவும் கூடாது. ஆக, களையெடுப்பு, சமையல், கடைக்குப் போய்வருவது எல்லாம் உங்கள் தலையில்தான்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது சாப்பாட்டு நேரத்தில். உணவை யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் பிக்கு சாப்பிடலாம். கைக்கெட்டும் தூரத்துக்குள் வந்து, தட்டைத் தூக்கி இரு கையாலும் நீட்டுங்கள். மேஜையிலேயே நகர்த்திவிட்டால் கொடுத்ததாகக் கணக்கில்லை. தாய்லாந்தில் பெண்கள் நேரே கையில் தர மாட்டார்கள். பிக்கு விரிக்கும் துணியின் மேல் வைப்பார்கள். கொடுத்த பிறகு நீங்கள் பாத்திரத்தைத் தொட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து கொடுக்க வேண்டும். 'உப்பு குறைவோ' என்று உதவப் போய் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முளைக்கும் விதையுள்ள பழங்களுக்குத் தனி முறை. திராட்சை, தக்காளி போன்றவற்றை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்படி தட்டில் வையுங்கள். பிக்கு "கப்பியம் கரோஹி" (பாலி மொழியில் 'உண்ணத் தகுந்ததாக்கு') என்பார். நீங்கள் ஒரு பழத்தில் கத்தியால் கீறி "கப்பியம் பந்தே" ('தகுந்ததாகிவிட்டது, சுவாமி') என்று சொல்ல வேண்டும். பழங்கள் தொட்டுக்கொண்டிருப்பதால் ஒன்றைக் கீறினாலே முழுத் தட்டுக்கும் சேரும்.

தங்குபவர்கள் பெரும்பாலும் எட்டு சீலம் (எட்டு ஒழுக்க நெறிகள்) எடுக்க வேண்டும். அப்புறம் உச்சிவேளைக்கு மேல் சாப்பாடு இல்லை. உச்சி என்பது சூரியன் உச்சிக்கு வரும் நேரம். கடிகாரத்தில் 12 மணியாக இருக்க வேண்டியதில்லை. தாய்லாந்துத் துறவி அஜான் சா 1975-இல் வெளிநாட்டவருக்காகத் தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் தொடங்கிய வாட் பா நானாசாட் மடாலயம் இன்னும் கறார்: நாளுக்கு ஒரே வேளை சாப்பாடு, அதிகாலை 3 மணிக்கு எழுப்பும் மணி, ஆண்கள் சில நாட்களுக்கு மேல் தங்கினால் தலை மழிப்பு. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மடாலயத்துக்கும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுச் சமாளிக்கும் விஷயம் இல்லை இது.

விசாவை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சம்பளம் வாங்காவிட்டாலும் சில நாடுகளில் அது வேலைதான். பிரிட்டனில் விசிட்டராகப் போனால், பதிவுபெற்ற அறநிறுவனத்தில் மொத்தம் 30 நாள் வரை சேவை செய்யலாம், அதுவும் பயணத்தின் முக்கிய நோக்கமாக இருக்கக் கூடாது. 'சேவை செய்யத்தான் வந்தேன்' என்று இமிகிரேஷனில் பெருமையாகச் சொன்னால் சிக்கல். தங்கிப் பயிற்சி எடுப்பது, வேலை செய்வது இரண்டில் உங்கள் வருகை எதில் சேரும் என்று மடாலயத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி, தூதரகத்தின் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு டிக்கெட் போடுங்கள்.