ஆட்கொல்லிப் புலி என்றால் என்ன? ஒரு புலி ஏன் அப்படி மாறுகிறது?

மனிதரை இரையாகத் தேடி வேட்டையாடப் பழகிவிட்ட புலிதான் ஆட்கொல்லி. திடுக்கிட்டோ குட்டியைக் காக்கவோ ஒருவரை அடித்துவிட்ட புலி இந்தக் கணக்கில் வராது.

காரணம் பெரும்பாலும் உடல் ஊனம். மானின் கழுத்தைக் கவ்வி வீழ்த்தக் கோரைப்பல்லும் முன்னங்காலும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். முள்ளம்பன்றி முள் ஏறிச் சீழ் பிடித்தாலோ, குண்டடி பட்டாலோ அது முடியாது. பல் போன தாத்தா முறுக்கை விட்டு இட்லிக்கு மாறுகிற மாதிரி, புலியும் எளிய இரைக்கு மாறுகிறது.

சம்பாவத் என்ற ஊரின் பெயரால் அறியப்படும் பெண்புலி நேபாளத்திலும், இந்தியாவின் இமயமலைப் பகுதியான குமாவோனிலும் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. 1907-இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்திப் பார்த்தபோது, வலப்பக்க மேல் கோரைப்பல் பாதியாகவும், கீழ்ப்பல் எலும்புவரையும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம் என்றார் அவர். யாரோ அரைகுறையாகச் சுட்டதற்கு ஊர் ஊராக விலை கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம், மனித ரத்தத்தை ஒருமுறை ருசித்த புலி அதை விடவே விடாது என்பது வெறும் கதை. தாய் கொண்டுவந்த மனித இறைச்சியைத் தின்று வளர்ந்த குட்டி, தாயைப் பிரிந்தபின் ஆட்கொல்லியானதைத் தான் அறிந்ததில்லை என்றே கார்பெட் எழுதினார்.