ஸ்டர்ஜன் மீனை வீட்டுத் தொட்டியிலோ தோட்டக் குளத்திலோ வளர்க்கலாமா?

கண்ணாடித் தொட்டி என்றால் வேண்டாம். தோட்டக் குளம் என்றால், குளம் எவ்வளவு பெரியது, கோடையில் தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்த பிறகு பேசலாம்.

நான் இருப்பது இங்கிலாந்தில், லூட்டன் பக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம், கிட்டத்தட்ட 14,000 லிட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர். அதில் கோய் மீன்கள் (அழகுக்காக வளர்க்கும் வண்ணக் கெண்டை) ஏற்கெனவே இருந்தன. 2018 வசந்தத்தில் மூன்று ஸ்டெர்லெட் வாங்கி விட்டேன் (ஸ்டர்ஜன் வகைகளில் சின்னவற்றில் ஒன்று இது). இன்றைக்கு ஒன்றுதான் மிச்சம். இதில் கசப்பான விஷயம், நான் செய்த தப்பு ஒவ்வொன்றும் கோய்க்குச் சரியான காரியமாக இருந்தது. கோய் வளர்த்துப் பழகிய கை என்ற தைரியத்தில்தான் செய்தேன்.

கடையில் பார்த்தபோது ஒவ்வொன்றும் ஒரு சாண்கூட இல்லை. கூரான மூக்கு, அதற்கு அடியில் நாலு மீசை, முதுகிலும் விலாவிலும் வரிசை வரிசையாக எலும்புத் தட்டு, சுறாவுக்கு இருக்கிற மாதிரி வால். என் மகன் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. கோயோடு சேர்த்தே விடலாம், அடியில் கிடப்பதைத் தின்று குளத்தையும் சுத்தமாக வைக்கும் என்றார் கடைக்காரர். இந்த மீனைப் பற்றி இதைவிடப் பெரிய பொய் கிடையாது. பாசியையும் கழிவையும் தின்று வாழ இது துப்புரவு வேலைக்கு வந்த மீன் இல்லை. ஆற்றின் அடித்தரையை மீசையால் துழாவி, புழு, பூச்சிகளின் லார்வா, சின்ன நத்தை என்று தேடித் தின்கிற சுத்த அசைவம்.

முதல் மீன் பட்டினியில் செத்தது. குளத்தில் தினமும் இரண்டு வேளை தீனி விழுந்துகொண்டிருந்தது, அதற்கு நடுவில்தான் செத்தது. நான் போட்டது மிதக்கும் பெல்லட். ஸ்டர்ஜனுக்கு வாய் தலைக்கு அடியில் இருக்கிறது, மேலே மிதப்பதை எடுக்கவேண்டும் என்றால் மல்லாந்து புரண்டு வரவேண்டும். அப்படித்தான் வந்தது. நாங்கள் அதை விளையாட்டு என்று நினைத்து வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினோம். அது புரண்டு வருவதற்குள் கோய் எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டுப் போயிருக்கும். மேலிருந்து பார்க்கும்போது தலை அகலமாகவும் உடம்பு அதற்குப் பின்னால் சட்டென்று ஒடுங்கியும் தெரிந்தால் மீன் பசியில் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அதைச் சொல்ல அப்போது ஆளில்லை.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். ஸ்டர்ஜனுக்கென்றே விற்கும் மூழ்கும் பெல்லட் வாங்குங்கள். புரதம் 45 சதவீதத்துக்குக் குறையாமல், மீன் எண்ணெய் நிறைய இருப்பதாகப் பாருங்கள். கோதுமை மாவு அதிகம் கலந்த கோய் தீனி இதற்குச் சரிப்படாது. முதலில் கோய்க்கு ஒரு மூலையில் போட்டுவிட்டு, இருட்டிய பிறகு எதிர் மூலையில் ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தரை வரை இறக்கி அதன் வழியாக இதற்குப் போடுகிறேன். கண் பார்வை மந்தம் என்றாலும் இடம் பழகிவிட்டால் வாசனை பிடித்து வந்துவிடும். (கோய்களும் ஒரே மாதத்தில் குழாயைக் கண்டுபிடித்துவிட்டன, அது வேறு கதை.) குளிர்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் கோய்க்குத் தீனியைக் குறைத்து அப்புறம் நிறுத்திவிடுவார்கள், அது சரிதான். ஆனால் ஸ்டெர்லெட் வோல்கா, டான்யூப் ஆற்று மீன். 5 டிகிரியிலும் சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றுகிறவனுக்குச் சாப்பாடு வேண்டாமா?

இரண்டாவது போனது 2022 ஜூலையில். அந்த மாதம் 19ஆம் தேதி லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி பதிவானது நினைவிருக்கும், இந்த நாட்டிலேயே அதுவரை இல்லாத வெயில். என் குளத்துத் தண்ணீர் சாயங்காலம் 27 டிகிரி. 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 27 டிகிரியில் எட்டைத் தொடுவதே கஷ்டம். மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் வேண்டும். இதற்கு மேல், பகலில் ஆக்சிஜன் கொடுக்கும் செடியும் பாசியும் ராத்திரியில் அதையே இழுத்துக்கொள்ளும், அதனால் விடியும் நேரம்தான் மோசமான நேரம். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். காலை ஐந்தரைக்குப் போனால் கோய்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன, பெரிய ஸ்டெர்லெட் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. பதற்றத்தில் தோட்டத்துக் குழாயை நேராகத் திறந்துவிட்டேன், குளோரின் நீக்கும் மருந்து போடவேண்டும் என்று கையில் ஹோஸைப் பிடித்திருக்கும்போது தோன்றவில்லை. வெயில் பாதி கொன்றது, என் அவசரம் மீதி.

இப்போது இரண்டு ஏர் பம்ப், அதில் ஒன்று பேட்டரியிலும் ஓடும். மே மாதமே நிழல் துணி கட்டிவிடுவேன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் ராத்திரி முழுக்க குளத்துச் செயற்கை அருவி ஓடும், கரண்ட் பில்லைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

நூல் நூலாக வளரும் பாசி இருக்கிறதே, அதைக் கையால் சுருட்டி எடுத்துக்கொண்டே இருங்கள். ஸ்டர்ஜன் முன்னால் முட்டிக்கொண்டு போகிற மீன், பின்வாங்கி வெளியே வருவது அதற்குக் கைவராது. எலும்புத் தட்டில் பாசி மாட்டினால் அங்கேயே திணறும். மிச்சமிருக்கும் ஒன்றை அப்படி ஒரு தடவை கத்தரிக்கோல் வைத்து விடுவித்தேன். ஒட்டுண்ணி மருந்து ஊற்றும் முன் லேபிளைக் கடைசி வரி வரை படியுங்கள். ஸ்டர்ஜன் இருக்கும் குளத்தில் பயன்படுத்தாதே என்று பல பாட்டில்களில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும்.

எந்த வகை வாங்குகிறோம் என்பதும் முக்கியம். ஸ்டெர்லெட் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும். ஆனால் கடையில் வெறுமனே 'ஸ்டர்ஜன்' என்று எழுதி வைத்திருக்கும் குஞ்சு சைபீரிய வகையாகவும் இருக்கலாம், 'டைமண்ட்' என்று விற்கும் ரஷ்ய வகையாகவும் இருக்கலாம், அவை இரண்டு மீட்டர் வரை வளரக்கூடியவை. அந்த வயதில் பார்த்துப் பிரிப்பது புதியவருக்கு நடக்கிற காரியம் இல்லை, பில்லில் அறிவியல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் வாங்காதீர்கள்.

தொட்டி ஏன் வேண்டாம் என்றால், இது நாள் முழுக்க நீந்துகிற மீன், ஆறடித் தொட்டியிலும் திரும்பத் திரும்ப மூக்கு கண்ணாடியில் இடிக்கும். தவிர அறை வெப்பத்திலேயே தண்ணீர் இருபதைத் தாண்டிவிடும். சென்னையிலிருந்து என் மச்சான் ஒருமுறை ஆசையாகக் கேட்டார், அங்கே மார்கழியில்கூடத் தண்ணீர் இந்த மீனுக்குச் சூடுதான் என்று சொல்லிவிட்டேன்.

வளர்ந்துவிட்டது, இடமில்லை என்று ஆற்றில் மட்டும் விட்டுவிடாதீர்கள். இங்கே அது 1981 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், 1999 டிசம்பர் புயலில் பிரான்சில் ஜிரோந்த் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து சைபீரிய ஸ்டர்ஜன்கள் தப்பி, அழியும் நிலையிலிருக்கும் ஐரோப்பிய ஸ்டர்ஜனின் கடைசி இருப்பிடத்துக்குள் போய்விட்டன. மேல் டான்யூபில் கொஞ்சநஞ்சம் மிச்சமிருக்கும் ஸ்டெர்லெட்களோடு வேற்று ஊர் சைபீரிய வகை கலந்து கலப்புக் குஞ்சுகளே வந்திருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை இருந்தால், குஞ்சு வாங்காமல் பக்கத்தில் இருக்கும் கோய் கிளப்பில் விசாரியுங்கள். இது இருபது வருடத்துக்கு மேல் வாழும் மீன், வீடு மாறுகிறவர்களும் குளத்தை மூடுகிறவர்களும் அறுபது எழுபது சென்டிமீட்டர் ஸ்டெர்லெட்டை இலவசமாகவே கொடுக்கிறார்கள். எடுக்கப் போகும்போது அது எந்தத் தீனிக்குப் பழகியிருக்கிறது என்று கேட்டு, அதிலேயே ஒரு பை சேர்த்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.