வேப்பம்பூ கல்யாணத்துக்கு ஆகாதா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். எங்களுக்குத் தேவகோட்டை. மகள் இங்கிலாந்தில் படித்து அங்கேயே வேலையில் இருக்கிறாள். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். எங்கள் ஐயா கட்டிய வீட்டிலேயே வைத்திருக்கிறோம். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள்: வசந்தகாலப் பூக்களும் அவற்றின் பொருளும். டாஃபடில் என்றால் மறுபிறப்பாம். டியூலிப் காதலைச் சொல்வதாம், வயலெட் அடக்கமாம், ஸ்னோடிராப் நம்பிக்கையாம். "நம்ம பூவுக்கும் இப்படி ஒரு லிஸ்ட் எடுத்துக் குடும்மா, பத்திரிகையில் போடலாம், மேடையையும் அதன்படி செய்யலாம்" என்கிறாள். டெக்கரேஷன்காரர் பெங்களூரிலிருந்து டியூலிப் வரவழைக்கலாம் என்கிறார். எங்கள் பட்டாலைச் சுவரில் பதித்த பழைய டைல்ஸிலும் டியூலிப்தான் இருக்கிறது, அதனால் அவளுக்கு அதன் மேல் ஒரு ஆசை. நான் வாசலில் நிற்கும் வேம்பைச் சொன்னேன். கசப்புப் பூ கல்யாணத்துக்கு ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். நம்மிடம் இப்படிப் பட்டியல் உண்டா? வேப்பம்பூ ஆகாதா?

தேவகோட்டை வாசகி

அன்புள்ள ஆச்சி,

மகளுக்கு என் வாழ்த்துகள். கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், உங்களுக்குப் பெரியவர்களிடம் பேச ஏதாவது கையில் இருக்க வேண்டுமே.

சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. நீங்கள் இருப்பது பாண்டி நாடு. ராஜா தலையில் சூடிய பூவை, நம் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது என்பதற்காகக் குறைத்து எடை போட வேண்டாம். போதாக்குறைக்குச் சித்திரை முதல் நாள் மாங்காயும் வெல்லமும் போட்ட பச்சடியில் வேப்பம்பூவையும் தூவித்தான் வருஷத்தையே தொடங்குகிறோம். வருஷப் பிறப்புக்கு ஆகிற பூ கல்யாணத்துக்கு ஆகாமல் போகுமா? பெரியவர்களின் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். அந்த வீட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள். அந்த நினைவுதான் வேம்பு என்றதும் அவர்களைப் பின்வாங்க வைக்கிறது. அது இலைக்கு வந்த பயம். பூவுக்கு அதில் பங்கில்லை.

சரி, பட்டியலுக்கு வருவோம்.

உங்கள் மகள் அனுப்பியது ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய ஒரு மோகத்தின் மிச்சம். அதற்கு முன்பே, 1717, 18 வாக்கில் இஸ்தான்புல்லில் இருந்த ஆங்கிலேயத் தூதரின் மனைவி மேரி மான்டேகு, துருக்கியில் பூவும் பழமும் அனுப்பியே சேதி சொல்லிக்கொள்கிறார்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அப்புறம் 1819இல் பாரிஸில் பூக்களின் மொழி என்று ஒரு புத்தகம் வந்தது. அதைப் பார்த்து இங்கிலாந்திலும் வரிசையாக வந்தன. வாய்விட்டுக் காதலைச் சொல்ல முடியாத சமூகத்தில் பூச்செண்டு பேசியது என்பார்கள். சிக்கல் என்னவென்றால், ஒரு புத்தகத்தில் இருந்த பொருள் இன்னொன்றில் இருக்காது. அனுப்பியவரும் வாங்கியவரும் ஒரே புத்தகத்தை வைத்திருந்தால்தான் சேதி போய்ச் சேரும். வாட்ஸ்அப் பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை.

டாஃபடிலுக்கு மறுபிறப்பு என்ற பொருள் அங்கே பொருந்துகிறது என்பதை மறுக்கமாட்டேன். அந்த ஊரில் மாதக்கணக்கில் மரங்கள் மொட்டையாக நிற்கும், மண் உறைந்து கிடக்கும். அதைப் பிளந்துகொண்டு கிழங்கிலிருந்து ஒரு மஞ்சள் பூ வந்தால், செத்தது பிழைத்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தக் கிழங்குக்குப் பல வாரம் நல்ல குளிர் பட்டாக வேண்டும், இல்லையென்றால் பூக்காது. டியூலிப்பும் அப்படித்தான். தேவகோட்டை மண்ணில் ஊன்றி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் பக்கத்து இளவேனில் வேறு மாதிரி. சித்திரையும் வைகாசியும் அதன் மாதங்கள் என்று கணக்கு, ஆனால் மாசி முடியும்போதே ஆரம்பித்துவிடும். கண்மாயில் தண்ணீர் வற்றி ஓரமெல்லாம் வெடித்துக் கிடக்கும்போதுதான் வேம்பு தளிரும் பூவுமாக நிற்கிறது. புங்க மரத்தடி வெள்ளையும் ஊதாவுமாக நிறைகிறது. சங்கப் புலவர் ஒருவர் இதைப் பார்த்துத்தான், முருகனுக்கு வெறியாடும் களத்தில் நெற்பொரி சிதறியது போல இருக்கிறது என்றார். இலுப்பை ராத்திரியில் பூத்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். காரைக்குடிக்குப் பக்கத்தில், நகரத்தார் கோயில் ஒன்பதில் ஒன்று இருக்கிற இலுப்பைக்குடிக்குப் பேரே அந்த மரத்தால்தான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சொல்லும்போது நாம் அதைக் கேலியாகச் சொல்கிறோம். பூவை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பழமொழியில் சர்க்கரை பற்றிய பகுதி முழு உண்மை. இந்த மரங்களில் ஒன்றும் உறைபனியிலிருந்து பிழைத்து வரவில்லை. மழை போன பிறகு, கத்திரி வெயிலுக்கு முன்னால், கிடைக்கிற இடைவெளியில் பூக்கின்றன. மறுபிறப்பு என்ற பொருளை இவற்றின் மேல் ஒட்டினால் ஒட்டாது.

நம் பழைய பாட்டுகளில் இளவேனில் பூ ஒரு கெடு. பொருள் தேடிப் போனவன் இந்தப் பருவத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போயிருப்பான். பூ வந்துவிடும், ஆள் வந்திருக்கமாட்டான். குறுந்தொகையில் பரணர் பாட்டு ஒன்று வேப்பம்பூவைப் பற்றியே இருக்கிறது. கரிய அடிமரத்து வேம்பின் இந்தப் புதுப்பூ, என் தலைவன் இல்லாமலே கழிந்துவிடுமோ என்கிறாள் ஒருத்தி. பூ கசக்கும் என்பதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அவளுக்கு அது காலண்டர். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன செட்டியார்களுக்காக மூன்று வருஷம் காத்திருந்த ஆச்சிமார் இதே வாசல் வேம்பைத்தான் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கொன்றையின் கதை இன்னும் வேடிக்கை. இன்று நாம் அதைச் சித்திரைப் பூவாகப் பார்க்கிறோம், மலையாளத்தில் விஷுக்கனிக்கு அது இல்லாமல் முடியாது. சங்கப் பாட்டில் அது கார்காலப் பூ, முல்லை நிலத்துக்கு உரியது. மழைக்காலத்தில் வருகிறேன் என்று சொன்னவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது. உடனே தோழி மரத்தைத் திட்டுகிறாள்: இந்தக் கொன்றைக்கு அறிவில்லை, ஏதோ பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்டது, நீ கலங்காதே. இன்னொரு பாட்டில் தலைவியே, காடு முழுக்கக் கொன்றை பூத்து இது கார்தான் என்று சொன்னாலும் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார் என்கிறாள். உங்கள் பக்கத்துத் திருப்பத்தூரில் திருத்தளிநாதர் கோயிலுக்கு இதே கொன்றைதான் தல விருட்சம். அங்கே அது சிவன் சடையில் இருக்கிற பூ. இப்படி ஒரு மரத்துக்குப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?

போர்ப் பூக்கள் உண்டே என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். உண்டு. வெட்சி சூடினால் மாடு கவரப் போகிறான், கரந்தை சூடினால் மீட்கப் போகிறான், நொச்சி சூடினால் மதிலைக் காக்கிறான், தும்பை சூடினால் நேருக்கு நேர் மோதப் போகிறான், ஜெயித்தால் வாகை. பட்டியல் மாதிரி தெரியும். ஆனால் வெட்சி வீரத்துக்கு அடையாளம், நொச்சி பொறுமைக்கு அடையாளம் என்று எவரும் சொல்லவில்லை. அவன் என்ன வேலைக்குக் கிளம்பியிருக்கிறான் என்பதைத் தலையில் உள்ள பூ சொன்னது. பூவின் குணம் அங்கே பேச்சே இல்லை. வாகையைப் பாருங்கள், இந்தச் சித்திரையில் பூக்கும். தொட்டால் கசங்கிவிடுகிற மெல்லிய இழைகள், அதில் வெற்றியின் மிடுக்கு எங்கே இருக்கிறது? (தேர்தல் முடிவு வந்ததும் வாகை சூடினார் என்று தலைப்புப் போடுகிறவர்களில் எத்தனை பேர் அந்த மரத்தைப் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வெட்சியாவது பரவாயில்லை, இட்லிப்பூ என்ற பேரில் வேலியோரம் நிற்கிறது.)

மகள் கேட்கிற மாதிரிக்கு மிக நெருங்கி வருவது ஒன்றே ஒன்று, மன்மதனின் ஐந்து அம்புகள். வசந்தம் அவன் பருவம்தானே. ஒவ்வொரு பூவும் பட்டால் என்ன செய்யும் என்று ஒரு பழைய வெண்பா கணக்குச் சொல்கிறது. தாமரை பட்டால் அவரையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். மாம்பூ பட்டால் உடம்பில் பசலை ஏறும். அசோகு உணர்வைப் போக்கும். முல்லை படுக்கையில் தள்ளும். நீலம் கொன்றுவிடும். கல்யாணப் பத்திரிகையில் இதைப் போட்டால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இங்கேயும் பூ ஒரு காரியம்தான் செய்கிறது, ஆளுக்கு ஆள் சேதி கொண்டுபோகவில்லை.

இதெல்லாம் ஏட்டில் இருப்பது. இப்போது நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மகளைப் பங்குனியில் வரச் சொல்லிக் கொன்னையூர் பூச்சொரிதலுக்கோ நார்த்தாமலைக்கோ அழைத்துப் போங்கள். ராத்திரி முழுக்க ஊர் ஊராகப் பூத்தட்டு வந்துகொண்டே இருக்கும். மல்லிகை, அரளி, செவ்வந்தி, யார் வீட்டில் எது கிடைத்ததோ அது. வெயில் ஏறும் முன்பு அம்மனைக் குளிரவைக்க வேண்டும், அதற்கு எந்தப் பூ என்று யாரும் கேட்பதில்லை. கபிலர் இதை அன்றே சொல்லிவிட்டார்: நல்லது கெட்டது என்ற கணக்கில் வராத எருக்கம்பூவானாலும் தன்னிடம் இருப்பதை ஒருவர் கொடுத்தால் கடவுள் வேண்டாம் என்று சொல்வதில்லை, பாரியும் அப்படித்தான் என்று. அந்தப் பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதே எருக்கு இன்றும் பிள்ளையாருக்கு மாலையாகிறது. அதே எருக்கைத் தலையில் சூடிக்கொண்டு ஒருவன் மடலேறி, அதாவது பனைமடலால் செய்த குதிரையில் ஏறி, ஊருக்குள் வந்தால் காதலில் மானம் போனாலும் பரவாயில்லை என்று துணிந்துவிட்டான் என்று பொருள். ஆவாரைக்கும் அந்த மடல் மாலையில் இடம் உண்டு. இன்று அதே ஆவாரை, பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று மருந்தாகிவிட்டது.

ஆகவே பட்டியல் போடாதீர்கள் ஆச்சி. பத்திரிகையில் ஏதாவது வேண்டும் என்றால், இந்த வாசல் வேம்பு பூத்து முடிந்த மாதத்தில் கல்யாணம் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், அதுவே நம் மரபு.

டியூலிப் விஷயம். உங்கள் பட்டாலைச் சுவரில் இருப்பது பெரும்பாலும் 1920, 30களில் கப்பலில் வந்த டைல்ஸாக இருக்கும். அந்தக் காலத்தில் ஐரோப்பிய பாணியில் ரோஜாவும் டியூலிப்பும் போட்டு ஜப்பான்காரர்கள் ஏராளமாகச் செய்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள், செட்டிநாட்டு வீடுகளில் அது நிறைய இருக்கிறது. பெயர்ந்த கல் ஏதாவது இருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஜப்பான் என்று பதித்திருந்தாலும் இருக்கும். வாங்கி ஒட்டிய ஐயா, டியூலிப் என்றால் காதல் என்று நினைத்து ஒட்டியிருக்கமாட்டார், அழகாக இருக்கிறது என்று ஒட்டியிருப்பார். நல்ல காரணம்தான். மகளுக்கும் ஆசை என்றால் அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும். நிஜ டியூலிப்பை வைகாசி வெயிலில் பந்தலில் வைத்தால் முகூர்த்தம் வரை தாங்காது, காசுக்குக் கேடு. மல்லிகை கோடையில்தான் நிறையப் பூத்து வரும். மார்கழி, தை போல அந்த விலை இருக்காது. மதுரையிலிருந்து விடியற்காலை வண்டியில் ஏற்றினால் சடைக்கும் மேடைக்கும் தாராளமாகப் போதும்.

வேப்பம்பூ வைகாசியில் மரத்தில் இருக்காது. பங்குனியிலேயே காலையில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து, உதிர்ந்ததைக் காம்பு பொறுக்கி வெயிலில் காயவைத்து ஜாடியில் போட்டு வையுங்கள். கல்யாணத்தன்று ராத்திரிச் சாப்பாட்டில் நெய்யில் வறுத்து ரசத்தில் போடச் சொல்லலாம், அவ்வளவு விருந்துக்கு அப்புறம் வயிற்றுக்கும் நல்லது. சமையல்காரர் முகம் சுளித்தால் பாண்டியன் பேரைச் சொல்லுங்கள். பூ எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள், நடுவில் ஒரு கோடைமழை பெய்தால் கீழே விழுந்தது எல்லாம் கறுத்துப்போகும்.